செம்மண்

பதினாறாவது உதைக்கும் வண்டி கிளம்பவில்லை. பிரவீன்குமார் இறங்கி, மெக்கானிக் கடை வாசலிலேயே துப்பினான்.

"நாலு நாளா இதே பேஜாரு. ஞாயித்துக்கெழம திண்டிவனத்துல ரேஸ். இன்னிக்கே ஆவணும் சவுரி."

"ஆவும்ங்க தம்பி."

மெக்கானிக் சவுரிராயனுக்கு ஐம்பது வயது. பிரவீன்குமாருக்கு இருபத்திரண்டு. காணை ஊரில் அவன் வீட்டு நிலத்தில் நாற்று நட்டவள் சவுரிராயனின் அம்மா. அந்த 'ங்க' தானாக வந்துவிடும். வந்தபின் நாக்கு கசக்கும்.

ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினார். கருப்பாக, பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, இன்ஜின்மேல் வைத்து உதைத்தார். நீலப் பொறி விழுந்தது. கரண்ட் இருக்கிறது. பெட்ரோல் தேவைக்கு மேல் வருகிறது. அப்படியென்றால் காற்றுதான் போகவில்லை.

சீட்டைத் தூக்கி ஏர் ஃபில்டரை உருவினார். பஞ்சு முழுக்கச் செம்மண், எண்ணெயில் குழைந்து அப்பியிருந்தது. நடுவில் ஒரு சாமந்தி இதழ். குனிந்து இன்ஜினின் அடியைப் பார்த்தார். உருகி வழிந்து உறைந்த மெழுகு. அதில் கருகிய திரி.

நகத்தால் மெழுகைச் சுரண்டிப் பார்த்தார்.

கல்லறைத் திருநாள் முடிந்து ஐந்து நாள். ஏரிக்கரைக் கல்லறையில், மழையில் கரைந்த மேடுகளுக்கு அன்று எல்லோரும் மண் ஏற்றி, பூ வைத்து, மெழுகுவத்தி கொளுத்தினார்கள். மற்றவர்கள் போட்டது ஏரிக்கரையின் கருப்பு மண். அவர் மட்டும் ஓமந்தூர் பக்கமிருந்து ஒரு வண்டி செம்மண் கொண்டுவந்தார். மனைவி ஜெசிந்தா போய் முதல் வருடம். அங்கே சிவப்பு மேடு அது ஒன்றுதான்.

"எங்க ஓட்டினீங்க தம்பி?"

"ஏரிக்கரையிலதான். உங்க ஆளுங்க புதுசா மண்ணு ஏத்தி வெச்சிருக்கானுங்க. அதுல ஒரு செவப்பு மேடு இருக்குது பாரு, ஏறினா ஆறடி பறக்குது." ஃபோனில் எடுத்த வீடியோவை நீட்டினான். சவுரிராயன் பார்க்கவில்லை.

"அது பொணம் பொதைச்ச எடம்ங்க."

"எழுந்து வந்து கேஸ் போடப் போவுதா? ஜல்தி முடி."

தட்டில் பெட்ரோல் ஊற்றிப் பஞ்சை அலசினார். சிவப்பு இறங்கி அடியில் படிந்தது. முறுக்கினால் கிழியும் என்று கைகள் பதமாகப் பிழிந்தன. அந்தப் பதம் அவருக்கு அருவருப்பாக இருந்தது. எண்ணெய் தடவி, மாட்டி, ப்ளக்கை முடுக்கினார்.

ஒரே உதை. வண்டி அலறியது.

"கைராசிக்காரன்யா நீ!"

சிறிது ஓடவிட்டு நிறுத்தினார். "ப்ளக் கலர் பாக்கணும்." கழற்றினார். வெளிர் பழுப்பு. சரியாக எரிகிறது. துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சூடு நெஞ்சில் இறங்கியது.

"இன்னா, மாட்டு."

சுவரோரம் மண்வெட்டி சாத்தியிருந்தது. அதன் தகட்டில் செம்மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. சவுரிராயன் அதைக் காட்டினார்.

"அத எடு. அந்தச் செவப்பு மேடு என் பொண்டாட்டிது. நீ நட, நான் பின்னால வர்றேன். மேட்ட மறுபடி கட்டி முடி, ப்ளக்கு தர்றேன்."

யாரிடம் பேசுகிறார் என்பதுபோல் பிரவீன்குமார் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. சிரித்தான். பிறகு வண்டியில் ஏறி உதைத்தான். மறுபடி உதைத்தான். கிக்கர் லேசாக இறங்கிற்று. ப்ளக் இருந்த ஓட்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

கீழே தட்டில் பெட்ரோல் காய்ந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு கைப்பிடி சிவப்பு.