சுண்ணாம்புத் தூசி படிந்த கால்

1
இந்தக் கதை என் அண்ணி செய்த ஒரு பிழையிலிருந்து பிறந்தது. எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுது தம்பி. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாத,” என்றாள்.

2
முதல் தொடக்கம்: அரிசிமணி அளவேயான அந்தக் கூன்வண்டு, வளைந்த மூக்கைத் தாழ்த்தி எதையோ யோசிப்பதுபோல

(வேண்டாம். வண்டு யோசிப்பதில்லை. யோசிப்பவள் அவள்.)

3
அவள் ஓர் அருங்காட்சியகத்தின் பூச்சி அறையில் வேலை பார்க்கிறாள். பதினொரு ஆண்டுகளுக்கு முன், துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றி வண்டுகளுக்குப் புது ஊசி குத்தினாள். ஒவ்வொன்றின் அடியிலும் நகக்கண் அளவில் ஒரு சீட்டு. அது பிடிபட்ட இடம் அதில் இருக்கும். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அன்று அவசரத்தில் இரண்டைச் சேர்த்துக் கழற்றினாள்.

அவற்றின் சீட்டுகள் மாறிப்போனதை இந்த வாரம்தான் கண்டுபிடித்தாள். ‘ஆற்றங்கரை’ என்ற சீட்டுக்கு மேலிருந்த வண்டின் காலில், உருப்பெருக்கியின் கீழ், வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி. ஆற்றங்கரையில் சுண்ணாம்பு ஏது? அது பிடிபட்டது சுண்ணாம்புக் குன்றின் முட்புதரில்; அந்தச் சீட்டு, அன்று சேர்த்துக் கழற்றிய மற்ற வண்டின் அடியில் இருந்தது. அந்த இனத்தில் இதுவரை கிடைத்தது அந்த ஒன்றுதான். என்ன தின்னும், எங்கே முட்டையிடும், எவருக்கும் தெரியாது.

அந்தப் புதரை அழித்துத்தான் சாலை வரப்போகிறது.

4
அதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, அந்தப் புதர்ல அபூர்வமா ஏதாச்சும் இருக்கா? ரோடு போடுறவங்களுக்குத் திங்கட்கிழமை பதில் அனுப்பணும்.”

“இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

“நீ போட்ட பட்டியலுக்கு மறுபார்வை வேறயா? நாங்கள்லாம் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறோம்!”

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரு சீட்டு மாறியது என்று சொன்னால், அவள் கைபட்ட நாற்பதாயிரம் சீட்டுகளையும் இனி யார் நம்புவார்கள்?

5
ஒரு முடிவு: அவள் சொல்லிவிடுகிறாள், சாலை விலகிப் போகிறது. (சாலைகள் அவ்வளவு எளிதில் விலகுவதில்லை.)

இன்னொன்று: அவள் சொல்லவில்லை. புதர் போகிறது. எதையும் இழந்ததாக யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால்

(இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

6
நிஜத்தில் என்னதான் நடந்தது என்று அண்ணியிடமே கேட்டேன். அவள் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

பிறகு, “இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே தம்பி,” என்றாள்.

முடிந்துபோன ஒன்றை எழுதிக்கொண்டிருப்பதாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன். அவள் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும்.

நீங்களாக இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள்?