நடை வந்த பிறகு

எழுபத்து நாலாம் வருஷம், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கனகாம்பாளை ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் எல்லாம் சொன்னார். அவள் புருஷன் நாகமுத்துவின் தலைக்குள் நீர் தேங்கி மூளையை அழுத்துகிறது. உள்ளுக்குள்ளேயே மெல்லிய குழாய் வைத்து அதை வயிற்றுக்கு இறக்கிவிடப் போகிறார்கள்.

"முதல்ல நடை திரும்பும்மா. அப்புறம் படுக்கை நனையறது குறையலாம். ஞாபகம்தான் கடைசி. வந்தாலும் வரும், வராமலும் போகலாம். அதை நான் உறுதியா சொல்ல மாட்டேன்."

கடைசியில் வரும் என்பதை மட்டும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். மற்றதை அங்கேயே விட்டுவிட்டாள். ஏரிக்குப் போன படகுகளில் ஒன்று கடைசியாகத்தான் கரை சேரும், அதற்காக அடுப்பை அணைத்துவிடுவார்களா?

ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரியோரக் குப்பம் அவர்களுடையது. இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் வலை இழுத்த கால்கள், ஒரே வருஷத்தில் தரையோடு ஒட்டிக்கொண்டன. வாசற்படியைத் தாண்டத் தெரியாமல் நின்றுவிடுவார். வேட்டி நனைந்ததும் தெரியாது. வயசாகிவிட்டது, விடு என்றது குப்பம். அவள் விடவில்லை. கும்மிடிப்பூண்டியில் ரயிலேற்றிக் கூட்டிவந்துவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிப்பதற்குள் மனுஷன் வார்டில் நடந்தார், பாருங்கள். முதலில் சுவரைப் பிடித்து, அப்புறம் கையை வீசிக்கொண்டு. டாக்டர் முகமெல்லாம் சிரிப்பு.

"பெரியவரே, இவங்க பேரு என்ன?"

நாகமுத்து அவளைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார்.

"அது எம்பேர சொன்னதே கெடையாது சார்," என்று கனகாம்பாள் முந்திக்கொண்டாள். "எங்க ஜனத்துல புருசனும் பொண்டாட்டியும் பேரு சொல்லிக்க மாட்டோம். ஆயுசு கொறையும்பாங்க. மறந்துபூட்டதால இல்ல."

"அப்போ எப்படித்தான் கூப்பிடுவாரு?"

"இந்தாமேன்னு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. "ஊருக்குப் போய்ப் பாருங்கம்மா," என்றார்.

குப்பத்தில் ஓரகத்தி குப்பாயி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "இன்னாக்கா, மாமாவ மாப்பிளையாக்கிக் கூட்டியாந்துக்கிற. இனிமே நீதான் பின்னால ஓடணும்."

"ஓடறேன் போ. உனுக்கு இன்னாடி வயித்தெரிச்சல்?"

பாய் நனையாமல் விடிந்தது. கனகாம்பாள் மடவை மீன் குழம்பு வைத்தாள். 'இந்தாமே' என்ற குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே பரிமாறினாள். அவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாக்குதும்மா," என்றார். ஆஸ்பத்திரியில் நர்சுகளை அம்மா என்று கூப்பிட்ட பழக்கம் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள். யார் கேட்டாலும், "ஞாபகம் பின்னாலயே வந்துகினுக்குது," என்றாள்.

அப்புறம் ஒரு மத்தியானம், சோறு வடித்துவிட்டு நிமிர்ந்தால் ஆளில்லை. ஏரிக்கரையில் தெற்குப் பார்த்து விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். மூச்சிரைக்க ஓடிப்போய் மறித்தாள்.

"எங்கய்யா போற?"

அவர் ஒதுங்கி நின்றார், அயலார் வீட்டுப் பொம்பிளைக்கு வழிவிடுகிற மாதிரி.

"ஊட்டுக்கும்மா. வழிதான் பிடிபடல. கனகாம்பா சோறாக்கி வச்சிக்கினு குந்தியிருக்கும். நான் போவாம அது துன்னாது."

கல்யாணம் கட்டின நாளிலிருந்து அந்த வாயில் அவள் பேர் வந்ததில்லை. இப்போது எவளோ ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி, அவளிடமே சொல்லிவிட்டார். அவர் ஒன்றும் மறக்கவில்லை. அவளுக்காகத்தான் இத்தனை வேகம். ஆனால் அவர் தேடுகிற கனகாம்பாள், எதிரில் நிற்கிற இந்த நரைத்தலைக்காரி இல்லை.

அழுதால் பயந்துவிடுவார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனுக்குத் தெரிஞ்ச ஊடுதான். வாங்க, காட்டறேன்."

அவரை அவள் 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை. அவர் சந்தோஷமாகக் கூடவே நடந்தார். கால் எங்கேயும் தடுக்கவில்லை.

வீட்டில் தட்டுப் போட்டு உட்கார வைத்தாள். அவர் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார்.

"எங்க அது?"

"பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போயிருக்குது. வந்துடும். நீங்க துன்னுங்க."

"வேணாம்மா. அது வரட்டும்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். கனகாம்பாளுக்கும் பசிதான். சோற்றில் ஈ உட்காராமல் மூடிவிட்டு, அவருக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அவளும் வாசலைப் பார்த்தாள்.