ரொட்டிப் பன்றியின் மேல் சத்தியம்

பன்றியின் இடது காது இரண்டாம் முறையாகக் கழன்று விழுந்தபோது மணி காலை பதினொன்று. ஹால்பெரா அதைக் கவனிக்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வெளிச்சம் என்று பேர் பண்ணிக்கொண்டு ஏதோ இருந்தது. நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன், ஜனவரிக் கடைசியில்தான் அந்த ஊருக்கு மறுபடி முகம் காட்டும். அவள் கணவன் தோர்கில்ஸ் முக்காலியில் உட்கார்ந்தபடியே மாவுக் காதை எடுத்து, முட்டை தடவி, மூன்றாம் முறையாக ஒட்டினான். இருபத்திரண்டு வருடமாக நடுக்குளிர்கால யோல் விருந்துக்கு ரொட்டிப் பன்றி செய்கிறவன் அவன்தான். ஊரின் ஒரே ரொட்டிக் கடைக்காரன். நின்றுகொண்டே பத்து மணி நேரம் மாவு பிசைந்த மனுஷனுக்கு இப்போது ஒரு காதை ஒட்டவே மூச்சு வாங்கியது.

"இன்னிக்கு நானும் சத்தியம் பண்ணப்போறேன்," என்றான்.

"நீயா? நீ ஒரு மடக்கு குடிச்சிட்டு அடுத்த ஆள்கிட்ட மதுக் கொம்பைத் தள்ளிவிடற ஆளாச்சே."

"இந்த வருஷம் பண்ணணும்போல இருக்கு."

"என்னன்னு?"

"அங்க சொல்றேன். கேக்கறதுக்குத்தான் நீ இருக்கியே."

மூன்று வாரத்துக்கு முன் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இவருக்கு இனிமேல் மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்காக யோசியுங்கள் என்று சொன்னபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு மணி நேரம் காரில் டயர் மாற்றுவதைப் பற்றியே பேசினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. இவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். அவன் அந்த நேரம் பார்த்து ரேடியோவைச் சத்தமாக வைப்பான்.

பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் அந்த ஊரில் மொத்தம் பத்தொன்பது பேர். வருடத்தின் மிகக் குட்டிப் பகலில் கூடிச் சாப்பிட்டு, தேன்மது நிறைத்த மாட்டுக் கொம்பைச் சுற்றுக்கு விடுவார்கள். ஃப்ரேய்ர் சாமிக்கு உரிய அந்த ரொட்டிப் பன்றி மேல் கை வைத்து, வரும் வருடத்துக்கு ஒரு சத்தியம் செய்வார்கள். அந்தச் சத்தியத்தைத் தடுத்துக் கேள்வி கேட்க ஒரு ஆள் உண்டு. பதினோரு வருடமாக அது ஹால்பெராதான். ஒருத்தர் தவறினால் அந்தப் பழி சத்தியத்தைக் காதால் கேட்ட எல்லோர் மேலும் விழும் என்பதால், முடியாத சத்தியத்தை அவள் உள்ளே விடக்கூடாது. தவறியவர்களின் பெயரை அடுத்த வருட விருந்தில் எழுந்து வாசிக்க வேண்டியவளும் அவள்தான். செத்தவர்களுக்குக்கூட விலக்கு கிடையாது. அவள் கறாரானவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். போன வருடம் இங்கிலெய்ஃப், ஓடிப்போன மகள் அடுத்த யோலுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று பன்றி மேல் கை வைத்தபோது, "அடுத்தவ நடந்து வர்றதுக்கு நீ சத்தியம் பண்ண முடியாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவள். இங்கிலெய்ஃப் அதன்பிறகு அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஊர் மண்டபத்துக்கு வெளியே தீ வளர்த்து, பூசாரி ஸ்டெய்ன்வோர் தெய்வங்களின் பெயர் சொல்லி மதுவைப் பனியில் ஊற்றினாள். பிறகு உள்ளே வந்து புகைபோட்ட ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். தோர்கில்ஸ் தட்டில் கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, நறுக்கியதை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். பன்றி மேஜை நடுவில் பொன்னிறமாக உட்கார்ந்திருந்தது. கொம்பு சுற்ற ஆரம்பித்தது.

மீன்பிடிப் படகுக்காரன் ஸ்குலி எழுந்து, முப்பது கிலோ எடை குறைப்பேன் என்று அறிவித்தான்.

"இது உன் கையில இருக்கா?" என்று ஹால்பெரா வழக்கப்படி கேட்டாள்.

"அவன் கையில எங்க இருக்கு, வாயில இருக்கு!" என்று யாரோ கத்த, மண்டபம் சிரித்தது.

"குறைச்சுக்கோ, ஸ்குலி."

"சரி தாயே, பத்து. அதுக்குக் கீழ பேரமே கிடையாது."

அவள் தலையசைத்தாள். அவன் குடித்துவிட்டு, மறுபடி ஊற்றி நிரப்பிக் கொம்பைத் தோர்கில்ஸிடம் நீட்டினான்.

தோர்கில்ஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சட்டை அவன் தோளில் தொங்கியது. சிரிப்பு தானாக அடங்கிப்போனது. அவன் தன் கையாலேயே செய்த பன்றியின் முதுகில் கையை வைத்தான்.

"அடுத்த யோலுக்கும் இதே இடத்துல நின்னு நான் இந்தக் கொம்பைத் தூக்குவேன்."

விட்டுவிடு, விட்டுவிடு என்று ஹால்பெராவின் மனசு அடித்துக்கொண்டது. விட்டால் அடுத்த வருடம் இதே மேஜையில் எழுந்து நின்று, சொல் தவறியவன் தோர்கில்ஸ் என்று அவள் வாசிக்க வேண்டும். எதிரே இங்கிலெய்ஃப் கண் கொட்டாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது..." என்று ஆரம்பித்தாள் ஹால்பெரா. "இது உன் கையில இருக்கா?"

"ஹால்பெரா, போதும். இன்னிக்கு விட்டுடு," என்றாள் ஸ்டெய்ன்வோர்.

"அவ வேலைய அவ பாக்கட்டும்," என்றான் தோர்கில்ஸ். பிறகு மனைவியைப் பார்த்தான். "இல்ல பெரா. என் கையில இல்ல."

மூன்று வாரமாக இரண்டு பேரும் மென்று விழுங்கியது இப்போது பத்தொன்பது பேர் நடுவில் கிடந்தது.

"அப்ப... குறைச்சுக்கோ."

"சூரியன் மலைக்கு மேல வர்ற அன்னிக்கு, ஊருக்கே நான் அப்பம் சுட்டுப் போடுவேன்."

அதற்கு இன்னும் முப்பத்தேழு நாள். அவள் அதைக் குளியலறையில் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறாள். முப்பத்தேழு நாளைத் தா என்று ஃப்ரேய்ரையும் கெஞ்சினாள், தோரையும் கெஞ்சினாள், பேர் தெரிந்த ஒரு சாமியையும் அவள் விடவில்லை. இப்போது அதையும் அவளே தட்டிப் பறிக்க வேண்டியிருந்தது.

"இது உன் கையில இருக்கா, தோர்கில்ஸ்?"

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "தெரியல. ஸ்குலிக்குப் பத்து கிலோ விட்டுக்கொடுத்த, எனக்கு ஒரு மாசம் விடமாட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. ஸ்குலி தலையைக் குனிந்துகொண்டான்.

"குறைச்சுக்கோ," என்றாள். அது அவள் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிறகு, "நாளைக்குக் காலைல உனக்கு முன்னாடி எந்திரிச்சு, உனக்குக் காப்பி போட்டுத் தருவேன்," என்றான்.

இதற்கும் கேட்டாக வேண்டும். போன வாரம் இரண்டு நாள் அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஹால்பெரா இங்கிலெய்ஃப்பைப் பார்த்தாள். இங்கிலெய்ஃப் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினாள். அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. தோர்கில்ஸ் குடித்தான். ஒரு மடக்குதான் இறங்கியது. கொம்பை இரண்டு கையாலும் ஏந்தி மனைவியிடம் கொடுத்தான்.

கேள்வி கேட்கிறவளே சத்தியம் செய்யும்போது, கொம்பைக் கொடுத்தவர்தான் அவளைக் கேட்க வேண்டும். மண்டபத்துக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லத்தான் அவள் வீட்டிலிருந்தே யோசித்து வந்திருந்தாள். வலது கையில் கொம்போடு, இடது கையைப் பன்றியின் முதுகில் வைத்தாள். ரொட்டியில் இன்னும் அவன் கைச்சூடு இருந்தது.

"நீ போனதுக்கப்புறமும் நான் இருப்பேன்," என்றாள். "தினம் எந்திரிப்பேன். கடையைத் திறப்பேன். சாப்பிடுவேன்."

தோர்கில்ஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"பெரா," என்றான் மெதுவாக. "அது உன் கையில இருக்கா?"

கொம்புக்கு அடி கிடையாது, அதைக் கீழே வைக்க முடியாது. பதில் சொல்லாமல் குடிக்கவும் கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது. ஸ்குலி ஊற்றி நிரப்பியதில் ஒரு மடக்குதான் குறைந்திருந்தது. பன்றி மேல் வைத்த கையையும் எடுத்து, இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். தேன்மது தளும்பித் தளும்பி அவள் விரலிடுக்கில் இறங்கி, மேஜை விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.