இருபத்திரண்டுக்கு அடுத்து

சங்கத்தின் பலகையில் எட்டுப் பெயர்கள் ஒட்டியிருந்தன. மீனாம்பாள் மழையில் நின்றபடியே அவற்றை மூன்று தடவை படித்தாள். பிறகு குடையை மடக்காமல் உள்ளே வந்தாள்.

"எங்க அம்மா பேரு எங்க சார்?"

அழகேசன் நிமிர்ந்தான். வியாழக்கிழமை காலை எட்டரை மணி. புள்ளிவிவரப் பிரிவில் பத்து மணிக்கு அவன் நாற்காலியில் இருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரம் டெய்ரி ஃபார்ம் பேட்டையில் இருக்கும் இந்தத் தமிழர் சங்க அறையில் உட்காருவது அவன் வழக்கம். தீவிலிருந்து மெட்ராஸ் போகும் ஒவ்வொரு கப்பலிலும் நோயாளிகளுக்கென்று எட்டு பங்க் படுக்கைகள் சங்கத்துக்குக் கிடைக்கும். அந்த எட்டில் யார் போவது என்ற வரிசையை வைத்திருப்பவன் அவன்தான்.

"பங்கஜம்தானே? பத்தொன்பதாம் அட்டை. இருக்குமே."

"இல்ல சார். நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தான். இல்லை.

பங்கஜத்துக்குத் தொண்டையில் கட்டி. இரண்டு மாதமாகக் கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. இந்த மாதத்துக்குள் மெட்ராஸில் அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கப்பல் சனிக்கிழமை கிளம்புகிறது. அடுத்தது இருபது நாள் கழித்து, அதுவும் கடல் விட்டால்தான். பெயர்களை மாற்றுவதென்றால் இன்று மாலை ஐந்து மணிக்குள் மாற்றியாக வேண்டும்.

"நீங்க பெஞ்சுல உட்காருங்க" என்றான்.

மேசை மேல் இருந்த படாக் மரப் பெட்டியைத் திறந்தான்.

அந்தப் பெட்டி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. நோட்டில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடம் இருக்கும். அந்த இடத்தில் வேண்டியவர் பெயர் முளைக்கும். அழகேசனின் மனைவி செல்லம் அந்த நோட்டில் எட்டாவது பெயராக இருந்தாள். கப்பல் கிளம்பும்போது பதினோராவது ஆகியிருந்தாள். அடுத்த கப்பலுக்கு அவள் உயிரோடு இல்லை. அது 1971 ஜூன்.

அதன் பிறகு ஆபீஸ் அவனைக் கல்கத்தாவுக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே ஒருவர் கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டியலை எப்படி வைப்பது என்று பலகையில் வரைந்து காட்டினார். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தனக்கு அடுத்தது எது என்பதை மட்டும் தெரிந்து வைத்திருக்கும். எங்கே கிடந்தாலும் பரவாயில்லை, சங்கிலி அறாமல் இருந்தால் போதும். நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமானால் இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: ஒரு பட்டியலுக்குள் ஒரே இனம்தான் நுழைய வேண்டும், வேறு இனம் வந்தால் வாசலிலேயே நிறுத்த வேண்டும். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். அழகேசன் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான்.

திரும்பி வந்து பெட்டி செய்தான். ஆளுக்கு ஓர் அட்டை. அட்டையில் பெயர், அதன் எண், கீழே ஒரு கட்டத்தில் அடுத்த அட்டையின் எண். எண்களெல்லாம் ரப்பர் முத்திரையால். கையெழுத்து இருந்தால் தயவு தாட்சண்யம் பார்ப்பார்கள் என்று முத்திரை வைத்தான். டாக்டர் கடிதம் இருந்தால்தான் அட்டையின் வலது மூலையை வெட்டுவான். பெட்டிக்குள் அதே மூலையில் ஒரு முக்கோணக் கட்டை அறைந்திருந்தது. மூலை வெட்டாத அட்டையைப் போட்டால் அது தூக்கிக்கொண்டு நிற்கும், மூடி சாத்தாது. படிக்கப் போகிறவர்களுக்கு வேறு பெட்டி, அதில் கட்டை இடது மூலையில்.

சங்கச் செயலாளர் சிவஞானம், பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர், ஒரு தடவை சரக்கு எடுக்கப் போகும் தன் ஆளின் அட்டையை நோயாளிப் பெட்டியில் போட்டுப் பார்த்தார். மூடி சாத்தவில்லை. மேலே ஒரு தடித்த புத்தகத்தை வைத்து அழுத்தியும் பார்த்தார். காலையில் அழகேசன் வந்தபோது புத்தகம் பெட்டி மேலேயே இருந்தது. இருவரும் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை.

இப்போது அழகேசன் சங்கிலியைப் படித்தான். பதினான்கு. அதற்கு அடுத்து முப்பத்தொன்று. அடுத்து ஏழு. அடுத்து இருபத்திரண்டு. அடுத்து நாற்பத்து நான்கு. அடுத்து பதின்மூன்று, இருபத்தெட்டு, ஐந்து. எட்டு.

பத்தொன்பது எங்குமே வரவில்லை. ஆனால் பத்தொன்பதாம் அட்டை பெட்டியில்தான் இருந்தது, மூலை வெட்டி, ஒழுங்காக. அதைச் சுட்டிக்காட்ட எந்த அட்டையும் இல்லை, அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் அட்டையின் கட்டத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, அதன் மேல் 44 என்று குத்தியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். தாளுக்கு அடியில் 19 மங்கலாகத் தெரிந்தது.

நாற்பத்து நான்கு யார்? கிருஷ்ணமூர்த்தி, டெய்ரி ஃபார்ம். சிறுநீரகம். அவசரம் என்று டாக்டர் எழுதிய கடிதம் இணைத்திருந்தது. நடுவில் செருக வேண்டியவர்தான், அதில் குற்றமில்லை. ஆனால் அவர் அட்டையில் அடுத்து 19 என்று இருக்க வேண்டிய இடத்தில் 13 இருந்தது.

பத்தொன்பதாம் அட்டையைப் புரட்டினான். அதற்கு அடுத்தும் 13.

செருகியவர் பத்தொன்பதாம் அட்டையைக் கையில் எடுத்திருக்கிறார், அதில் 13 என்று பார்த்திருக்கிறார், அதை நாற்பத்து நான்கில் குத்திவிட்டு இதை உள்ளே போட்டுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு செய்த பிழை அல்ல. ஆளைப் பார்த்துச் செய்த வேலை.

சாவி மூன்று பேரிடம். அவனிடம் ஒன்று. சிவஞானத்திடம் ஒன்று. தட்டச்சு செய்யும் சுசீலாவிடம் ஒன்று. சுசீலா கிருஷ்ணமூர்த்தி வீட்டுக்கு மூன்றாவது வீடு.

அவள் ஒன்பது மணிக்கு வந்தாள். நனைந்த செருப்பை வாசலில் விட்டாள்.

"கிருஷ்ணமூர்த்தி எப்படி இருக்கார்?" என்று அழகேசன் கேட்டான்.

"கால் வீங்கியிருக்கு. ஏன்?"

"பக்கத்து வீடு. அக்கறை இருக்கும்ல."

அவள் அவனையும் திறந்த பெட்டியையும் பெஞ்சில் இருந்த மீனாம்பாளையும் பார்த்தாள்.

"என்ன கேக்கணுமோ நேரா கேளுங்க சார். சுத்தி வளைச்சா எனக்குத் தலை வலிக்கும்."

அவன் மூன்று அட்டைகளையும் மேசையில் வைத்தான். அவள் குனிந்து பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அய்யோ, இந்தம்மாவை விட்டுட்டாங்களே."

"விட்டுட்டாங்களா, விட்டியா?"

சுசீலா நிமிர்ந்தாள். நாற்பத்து நான்கோடு இருந்த கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, வந்த தேதி முத்திரையைக் காட்டினாள். ஜூன் 12. கடிதம் வந்த அன்றே அட்டையைச் செருகிவிடுவது சங்கத்தின் வழக்கம்.

"அந்த வாரம் பூரா நான் கராச்சர்மாவுல. அக்கா கல்யாணம். லீவு லெட்டர்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? பத்திரிகை கூடக் குடுத்தேன். நீங்க வரல."

உண்மை. ஆனால் தேதி முத்திரையின் பல்சக்கரத்தைத் திருப்பினால் எந்தத் தேதியும் விழும். அழகேசன் அதைச் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்க வேண்டும்.

"நம்பலைன்னா போய் எங்க அக்கா புருஷனைக் கேளுங்க" என்று அவள் தட்டச்சு இயந்திரத்தின் உறையை உருவினாள். "கல்யாணம் ஆச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியும்."

ஒன்பதரைக்கு சிவஞானம் வந்தார். விஷயத்தைக் கேட்டு முடிக்கும் முன்பே கையை உயர்த்தினார்.

"அரே பாய், என்னைப் பார்க்காத. பன்னெண்டாம் தேதி நான் மெயின்லேண்ட்ல இருந்தேன். போன கப்பல்லதான் வந்தேன். ஜெட்டியில இறங்கினப்ப என் பெட்டியைத் தூக்கினது நீதான்."

அதுவும் உண்மை.

"உன் பெட்டி என்னை உள்ள விடாது, அது எனக்குத் தெரியும்" என்றார் சிவஞானம். "மூலைக்கு மூலை கட்டை வெச்சே. இந்தம்மா எப்படி வெளிய போச்சு?"

பெட்டி இனத்தைப் பார்க்கும். வரிசையைப் பார்க்காது. மூலை வெட்டிய அட்டை யாரைக் காட்டினாலும் அதற்கு ஒன்றுதான். இதை அழகேசன் அறிந்தே இருந்தான், ஆனால் வேறொருவர் வாயில் கேட்டதில்லை.

அவன் மீனாம்பாள் பக்கம் திரும்பினான். சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாரும் சாட்சி.

"நீங்க கடைசியா எப்ப இங்க வந்தீங்க? அப்ப இங்க யாரு இருந்தா?"

"நீங்கதான் சார் இருந்தீங்க. வேற யாரும் இல்ல. கராச்சர்மா பஸ்ஸு பூரா கல்யாணக் கூட்டம், நிக்க இடமில்லாம வந்தேன், அதான் நினைவு இருக்கு."

"நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"ஏதோ அட்டையில ஒட்டிக்கிட்டு இருந்தீங்க. அம்மாவுக்கு எப்பன்னு கேட்டேன். இருங்கன்னு சொல்லி அம்மா அட்டையை எடுத்துப் பார்த்தீங்க. இந்தக் கப்பல்லயே உண்டுன்னீங்க. அட்டையைக் கையில வெச்சுக்கிட்டேதான் சொன்னீங்க." அவள் சற்றுத் தயங்கினாள். "நான் போறப்பவும் கையிலதான் இருந்துச்சு."

சுசீலா தட்டச்சு செய்வதை நிறுத்தினாள்.

அழகேசன் கையைப் பார்த்தான். அன்று இருபத்திரண்டாம் அட்டையைக் கீழே வைத்திருக்கிறான். இந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லப் பத்தொன்பதை எடுத்திருக்கிறான். அவள் போனதும் விட்ட வேலையைத் தொடர்ந்திருக்கிறான். அடுத்த எண் என்னவென்று கையிலிருந்த அட்டையைப் பார்த்து நாற்பத்து நான்கில் குத்தியிருக்கிறான். கையில் இருந்தது இருபத்திரண்டு அல்ல, பத்தொன்பது.

நினைவில் இல்லை. ஜூன் மாதம் அவனுக்கு அப்படித்தான் போகும். செய்வான், செய்தது தங்காது.

"நான்தான்" என்றான்.

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"சரி விடு" என்றார் சிவஞானம், குரலைத் தாழ்த்தி. "கடைசி எடத்துல இருக்கிற ஐந்தாம் நம்பர் யாரு? புரோத்ராபூர் ஜெகநாதன். கண்ணுல புரை. அது இருபது நாள் தாங்கும். ஒரு பங்க் குறைச்சுட்டாங்கன்னு சொல்லிடு. யாரு போய்க் கேக்கப் போறா? நீ தப்புப் பண்ணேன்னு வெளிய சொன்னே, நாளைக்கே எல்லாரும் பழைய நோட்டைத்தான் கேப்பாங்க."

"உங்களுக்கு அது வசதிதானே."

"ஆமா, வசதிதான். இருந்தும் சொல்றேன் பாரு."

அழகேசன் நாற்பத்து நான்கின் கட்டத்தில் துண்டுத்தாள் ஒட்டி 19 என்று குத்தினான். ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்த்தான். சுசீலாவிடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னான். அவள் உரக்கப் படித்தாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அவள் அதை எதிர்பார்த்தவளாகத் தெரியவில்லை. புதிய பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்தாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் புரோத்ராபூர் பஸ் ஏறினான்.

ஜெகநாதன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். தகரப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அவருடைய மருமகள் ஜெயலட்சுமி சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அழகேசன் நடந்ததை நடந்தபடியே சொன்னான். ஜெகநாதனின் வெளுத்துப்போன விழிகள் அவன் தோளுக்கு மேலே எங்கோ நின்றன.

"யாருக்கு வித்தே?" என்றார்.

"விக்கல. தப்பா குத்திட்டேன்."

"பெட்டி வெச்சிருக்கேன், யாரும் நடுவுல வர முடியாதுன்னு கூட்டம் போட்டுச் சொன்னியேப்பா. நான் கைதட்டினேன்."

"யாரும் வரல. ஒருத்தர் வரிசையிலிருந்து விழுந்துட்டாங்க."

"எல்லாம் ஒண்ணுதான்." அவர் கையை நீட்டினார். "அட்டையைக் கொண்டு வந்திருக்கியா?"

கொண்டு வந்திருந்தான். இருபத்திரண்டாம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். கிழவர் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஜெயலட்சுமியிடம் கொடுத்தார்.

"அடியில பத்தொன்பதுன்னு இருக்கு மாமா."

"இருக்குன்னு அவன் சொல்றான். நீயும் சொல்ற." கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பொம்பளை நெசமாவே இருக்கா?"

"இருக்காங்க."

"சனிக்கிழமை ஜெட்டிக்கு வருவேன். அங்க அவ இல்லாட்டி உன்னைச் சும்மா விட மாட்டேன்."

இடம் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அழகேசன் நாலரைக்குக் கப்பல் அலுவலகத்தில் பட்டியலைக் கொடுத்தான்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஹாடோ ஜெட்டியில் மூட்டைகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே பங்கஜம் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டு. ஜெகநாதன் மருமகளின் தோளைப் பிடித்தபடி வந்தார். அழகேசன் பக்கம் திரும்பவில்லை.

"இவங்களா?"

"ஆமா மாமா. துண்டு கட்டியிருக்காங்க."

"துண்டு எவன் வேணாலும் கட்டுவான்." குனிந்தார். "ஏம்மா, என் எடத்துல போறது நீதானா?"

பங்கஜம் தலையசைத்தாள். அது அவருக்குத் தெரியவில்லை. அவர் காத்து நின்றார். பேச வேண்டாம் என்று மீனாம்பாள் தாயின் கையைப் பிடித்தாள். பங்கஜம் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நான்தாண்ணே" என்றாள்.

மரத்தை ரம்பம் தொட்டது போன்ற குரல். ஜெகநாதன் நிமிர்ந்தார்.

"சரி. போயிட்டு வா."

எட்டுப் பேரும் ஏணியில் ஏறினார்கள். பங்கஜத்தை மீனாம்பாள் பின்னாலிருந்து தாங்கினாள். ஏறி முடியும்வரை ஜெகநாதன் மருமகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே போய்விட்டாள் என்று அவள் சொன்ன பிறகுதான் அழகேசனைக் கூப்பிட்டார்.

"அடுத்த கப்பல்ல நான் எத்தனாவது?"

"முதல் ஆள் நீங்கதான். இருபத்தெட்டுக்கு அடுத்து ஐந்து."

"கணக்கு வேணாம். எழுதிக் குடு."

அழகேசன் பையிலிருந்து காகிதம் எடுத்து, ஒரு மூட்டை மேல் வைத்து எழுதினான். கையெழுத்துப் போட்டான். ஜெயலட்சுமி உரக்கப் படித்தாள்.

"அவன் பேரு போட்டிருக்கானா?"

"போட்டிருக்கு மாமா."

அவர் திருப்தியடையவில்லை. காகிதத்தை வாங்கித் தடவினார்.

"இந்த ஊர்ல தமிழ் தெரிஞ்சவன் எத்தனை பேரு? நாளைக்கு நீ இல்லேன்னா நான் பெங்காலிகிட்ட காட்டணும், தெலுங்கன்கிட்ட காட்டணும். கீழ ஹிந்தியிலயும் எழுது."

அழகேசன் காகிதத்தை மறுபடி மூட்டை மேல் விரித்து, ஹிந்தியிலும் எழுதத் தொடங்கினான்.