அழுந்தாத வேர்

படத்துக்கு ஒத்துவராத வேர் எதுவானாலும் அந்த ஆய்வகத்தில் அது அழுந்திப்போன வேர்தான். இப்படி யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நூலைவிட மெலிந்த வேரைக் கண்ணாடித் தகட்டில் கிடத்தி, அதன்மேல் கவர் ஸ்லிப் என்னும் கண்ணாடிச் சில்லை இறக்கும்போது கை சற்றுக் கனத்தால் செல்கள் நசுங்கும் என்பது உண்மை. நசுங்கியதா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. "அழுந்திப்போச்சு" என்று சொல்லிக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். அழுத்தியது யார் என்று கேட்கும் வழக்கமும் இல்லை.

படம், பேராசிரியரின் அறைக்கு எதிர்ச்சுவரில் தொங்கியது. அவர் இளமையில் கையால் வரைந்த வேரின் குறுக்குவெட்டு அது: நடுவில் நீரேற்றும் குழாய்கள், சுற்றிலும் அடுக்கடுக்காகச் செல்கள், வெளிவளையத்தில் தூவி என்னும் மெல்லிய வேர்மயிர் விடும் செல்லும் விடாத செல்லும் கலந்து. அதன் வாதம் எளியது. வேர்நுனியில் பிறக்கும் செல்லுக்குச் சொந்தத் தொழில் கிடையாது. எங்கே போய் உட்காருகிறதோ, அந்த இடம் வேலையைச் சொல்லித் தரும். உள்ளடுக்கின் இரு செல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கின்மேல் அமர்ந்தால் தூவி விட வேண்டும். ஒரே செல்லின் முதுகில் அமர்ந்தால் வழவழவென்று சும்மா இருந்துவிடலாம்.

ஆய்வு மாணவிக்கு அங்கே 'ஊசி' என்று பெயர். ஊசிமுனையால் நாற்றை ஏந்தி எடுப்பதில் அவளை விஞ்ச ஆளில்லை. தூவி விட இருக்கும் ஒரு செல்லை லேசரால் கொல்வது அவள் வேலை. பக்கத்துச் செல் பிதுங்கி வந்து காலியிடத்தை நிரப்பும். நிரப்பியதும் பழைய குணத்தை மறந்து தூவி விட வேண்டும். நுனியை ஒட்டிய இளஞ்செல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. சற்று மேலே, வயதேறிய செல்களில் சில கேட்கவில்லை. புது வீட்டுக்குக் குடிவந்தும் பழைய வீட்டு வழக்கத்தையே அவை விடாமல் வைத்திருந்தன. அவற்றை அவளும் தொட்டியில் போட்டாள். கை தானாகப் போயிற்று.

செல் இடம்பெயர்வதை விடாமல் படமெடுக்க விரும்பி, கண்ணாடி அடித்தளம் கொண்ட சிறு பெட்டி ஒன்றை அவள் செய்த பிறகுதான் சிக்கல் வந்தது. விதை அதற்குள்ளேயே முளைக்கும், வேர் கண்ணாடியை ஒட்டி ஓடும், கீழிருந்து பார்த்துக்கொள்ளலாம். மேலே கவர் ஸ்லிப் கிடையாது, கை படவும் தேவையில்லை. அந்தப் பெட்டியிலும் வயதேறிய செல்கள் தூவி விடவில்லை.

மூத்த ஆய்வாளரை அழைத்தாள். பேராசிரியர் உட்பட அனைவருக்கும் அவர் சித்தப்பா.

"சித்தப்பா, கொஞ்சம் இதைப் பாருங்க."

நுண்ணோக்கியில் கண்ணை வைத்த வேகத்திலேயே சொன்னார்: "அழுந்திப்போச்சும்மா."

"எது அழுத்துச்சு? மேல கண்ணாடியே இல்லையே."

அவர் தலையை நிமிர்த்திப் பெட்டியைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"காத்து அழுத்தியிருக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை கூட்டத்துல உன் கடைசி அத்தியாயம். சார் கையெழுத்துப் போட்டா நீ டாக்டர். நல்ல வேரா நாலு காட்டிட்டு வந்துடு. கழுத்தை நீயே கொண்டுபோய் நீட்டாதே."

"உங்களுக்கு இப்படி வந்ததே இல்லையா?"

"நான் ரொம்ப அழுத்துவேன்மா. என் கை அப்படி," என்று சொல்லிவிட்டு அவர் தம் மேசைக்குப் போய்விட்டார்.

அவள் தங்கியிருந்தது அக்காவோடு. அக்காவுக்கு முடிதிருத்தும் கடை. கடைத் துண்டுகள் வீட்டுக் கூடத்தில்தான் காயும். மடித்துக்கொண்டே அக்கா கதையைக் கேட்டாள்.

"முடி முளைக்கலன்னு எங்கிட்ட வந்து அழறவங்க இருக்காங்க. நீ முளைக்கலன்னு கண்டுபிடிச்சுட்டு வந்து நிக்கிற. நல்ல குடும்பம்டி நம்ம குடும்பம்."

"விளையாடாதேக்கா. சொன்னா அவர் கையெழுத்துப் போடுவாரான்னு தெரியல."

"சொல்லாம விடு."

"எந்த வயசு வரைக்கும் செல்லு வேலையை மாத்திக்கும்கறதுதான் என் ஆய்வே. மாத்திக்காததை எல்லாம் தூக்கிப் போட்டுட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

அக்கா ஒரு துண்டை உதறினாள். "வர்றவங்க தலையில வழுக்கை தெரிஞ்சா, லைட்டு சரியில்லைங்கன்னு பூசி மெழுகிடுவேன். அது வியாபாரம். உன்னோடது என்னன்னு எனக்கென்ன தெரியும்? அந்த முனையைப் பிடி, மடிக்கணும்."

சனிக்கிழமை கூட்ட அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். நல்ல வேர்கள் நான்கையும் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பேராசிரியர் தலையசைத்தார். நான்காவதற்கு "அழகு" என்றார். அவர் அந்தச் சொல்லைக் கண்டபடி செலவழிப்பவர் அல்லர். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் விரல் ஐந்தாவது படத்துக்குப் போயிற்று. இடுக்கின்மேல் அமர்ந்த செல் மொட்டையாக, திரை நிறையத் தெரிந்தது.

சித்தப்பா தம் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. சட்டையில் விழுந்த தூசியைத் தட்டிவிடுகிற பாவனைதான் இருந்தது.

"இது அழுந்திப்போச்சு. அடுத்தது போடும்மா."

காலடியில் வைத்திருந்த பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே இரண்டு பச்சை இலைகள் நிமிர்ந்து நின்றன.

"அழுந்தல சார்," என்றாள், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி. "இதை அழுத்த மேல ஒண்ணுமே இல்ல. அடுத்த படமும் இதே மாதிரிதான். அதுவும் அழுந்தல."