மூன்றாம் பக்கத்தில் இருந்த கேள்வி

1

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: பூமி சூடாவது குறித்து மனித குலம் இதுவரை எழுதியவற்றில் தலையாயதும், இனி எழுத நினைப்பவர்களைப் பேனாவை மூடிவைக்கச் செய்யப்போவதுமான ஒரு கதை, இன்று மாலை நான்கு மணிக்குத் திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில், மின்விசிறிக்குக் கீழே தொடங்குகிறது. பொதுமக்கள் ஒதுங்கி நின்று ஒத்துழைக்கவும்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மனைவி சித்ரா ஒரு கிலோ இட்லி மாவு வாங்கிவரச் சொன்னாள். அவ்வளவுதான். பெரிய கதைகள் கனவில் வந்தன, காட்டில் வந்தன என்றெல்லாம் பேட்டிகளில் சொல்வார்கள். இது கவரில் கட்டி வந்தது.

மாவு விற்பவர் செண்பகம். இரண்டு தெரு தள்ளி வீடு. முன்னறையில் கிரைண்டர், அதற்குப் பக்கத்தில் பதினான்கு வயதான ஒரு ஃப்ரிட்ஜ். அதன் கதவு ஒழுங்காக மூடாது. பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார். இன்று கவரை என் கையில் கொடுத்த கையோடு செல்போனையும் நீட்டினார். திங்கட்கிழமை காலை ஃப்ரிட்ஜை எடுத்துப்போக வண்டி வருகிறது என்று குறுஞ்செய்தி. புதியது எந்தத் தேதியில் வரும் என்ற இடத்தில் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று இருந்தது.

“குடுக்கட்டுமா, வேணாமா சார்?”

“புதுசு தருவாங்கம்மா.”

“தருவாங்க. தரமாட்டாங்கன்னு நானா சொன்னேன்? இத எடுத்துக்கினு போறதுக்கும் அது வந்து எறங்கறதுக்கும் நடுவுல எத்தினி நாளு? அதத்தான கேக்கறேன்.”

கதையில் இருக்கும் ஒரே கேள்வி இதுதான். முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். ஏன் இந்த அவசரம் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும். அதில் எனக்குப் பெருமை ஏதும் இல்லை.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மாவை மேசைமேல் வைத்தேன். எழுத உட்கார்ந்தேன்.

2

கதை நடக்க ஒரு சட்டம் வேண்டும். பெயர், வீட்டுக் குளிர்பெட்டி மாற்றுச் சட்டம். தேடிப் பார்க்காதீர்கள்; இந்தப் பெயரில் எந்த அரசும் எதையும் இயற்றவில்லை. நான் இயற்றினேன். எதிர்த்து ஓட்டு விழவில்லை, வெளிநடப்பு இல்லை, நடுவில் ஒரு டீ கூட வரவில்லை.

சாரம் இது. பழைய ஃப்ரிட்ஜ் மின்சாரத்தை மொத்தமாகக் குடிக்கிறது. மின்சாரத்துக்காக எங்கோ நிலக்கரி எரிகிறது. அதனால் பத்து வருடம் தாண்டிய ஃப்ரிட்ஜை ஒப்படைத்தால் புதியது பாதி விலைக்குக் கிடைக்கும்.* ஒப்படைக்காத வீட்டுக்கு மின்கட்டணம் கூடும். முதலில் சோதனையாகத் திண்டிவனத்தில் அமல்.**

* எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வயது ஒன்பது. சட்டத்தை இயற்றியவன் நான் என்பதை நினைவில் கொள்ளவும்.

 ** ஏன் திண்டிவனம் என்றால், சட்டத்தை எழுதுகிறவன் அங்கே குடியிருக்கிறான்.

சட்டம் மோசமானது அல்ல. கிண்டல் எழுதிப் பிழைக்கிறவன் இப்படிச் சொல்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில் நிஜம். செண்பகம் இந்தத் தொழிலுக்கு வந்தபோது மாவைச் சாயங்காலம் ஆட்டி வெளியே வைத்தால் விடியும்போதுதான் பொங்கியிருக்குமாம். இப்போது மே மாதத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் ஆட்டுகிறார். ஆட்டிப் பொங்கிய மாவு ஃப்ரிட்ஜைவிட்டு வெளியே நான்கு மணி நேரம் இருந்தால் புளித்துவிடும். ஊத்தப்பத்துக்கு மட்டும் ஆகும். உலகம் எத்தனை டிகிரி சூடானது என்று விஞ்ஞானிகள் சொல்வதற்கு முன்பே அவருடைய சட்டி சொல்லிவிட்டது. ஆகையால் அவருக்கு வானத்தின் மேலும் அக்கறை உண்டு, ஃப்ரிட்ஜின் மேலும் அக்கறை உண்டு. எந்தக் கட்சிக்கும் இது வசதிப்படாத நிலைமை.

3

தொடக்கங்கள்.

“விழுப்புரத்து வானில் அன்று சூரியன் ஒரு செக்கச்சிவந்த—”

வேண்டாம்.

“அன்னை பூமி விம்மி விம்மி அழுத அந்த வியாழக்கிழமையில்—”

அன்னை பூமி வியாழக்கிழமைதான் அழுதாள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

“விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது.”

இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. போகட்டும், இதுவே இருக்கட்டும்.

[உள்ளேயிருந்து சித்ரா: “மாவு வாங்கினு வந்தீங்களா?” நான்: “வந்து அரை மணி ஆவுது.” இதைக் கதையில் சேர்ப்பதா என்று பிறகு முடிவு செய்யலாம்.]

4

கூட்டத்துக்கு முந்தின வாரம் செண்பகம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“நான் எழுந்து பேசுனா எவன் காதுல வாங்குவான் சார். நீங்க புக்கெல்லாம் எழுதறவரு. ஒரு மனு எழுதிக் குடுங்க. ஒரே ஒரு கேள்விதான்.”

ஒரே ஒரு கேள்வி. ஒரு வரி போதும். நான் மூன்று பக்கம் எழுதினேன்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி விழுப்புரம் போனோம். ஏசி மண்டபம். பூமி சூடாவதைப் பற்றிப் பேச வந்தவர்களுக்குக் குளிர் தாங்கவில்லை. முன்வரிசையில் பொன்னாடை போர்த்தப்பட்டவர்கள் யாரும் கடைசிவரை அதைக் கழற்றவில்லை. வரவேற்புரை நாற்பது நிமிடம்.

முதலில் பேசியவர் பாண்டுரங்கன். சட்டத்தை எதிர்க்கும் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர். “இந்தச் சட்டத்தால ஒரு குடும்பத்துக்கு மாசம் எழுநூத்தி அம்பது ரூபா கூடுதல் செலவு. இந்தச் சுமை யார் தலையில? ஏழைத் தாய்மார்கள் தலையில.”

அடுத்து தென்னரசு. ஆதரிக்கும் கட்சி. “இந்தச் சட்டத்தால ஒரு குடும்பத்துக்கு மாசம் எழுநூத்தி அம்பது ரூபா மிச்சம். இந்தப் பணம் யார் கையில? ஏழைத் தாய்மார்கள் கையில.”

(இரண்டு எண்ணும் என்னுடையதுதான். வேறு எண் தேடச் சோம்பலாக இருந்தது. முதல் பிரதியில் இரண்டு பேரையும் கட்சி மாற்றிப் போட்டிருந்தேன். இரண்டு பக்கம் எழுதின பிறகுதான் கவனித்தேன். பெயரை மட்டும் திருத்தினேன். பேச்சில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.)

பின்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: “ஏம்பா, யார்பா அந்தத் தாயி? தலையிலயும் வெச்சிக்கினு கையிலயும் வெச்சிக்கினு எப்பிடி நடக்குது?”

“கம்முனு இரு நைனா. சாப்பாட்டு டோக்கன் தர்ற நேரம்.”

எனக்குப் பக்கத்தில் செண்பகம் மனுவை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சின் நடுவே எங்கேயாவது நாள் கணக்கு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஐம்பது வந்தது. நூற்றாண்டு வந்தது. எதிர்காலச் சந்ததி இரண்டு தடவை வந்தது. நாள் வரவில்லை.

5

மனுக்களின் முறை வந்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி எங்களுடையதைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்தார். “ரொம்ப அழகான தமிழ்” என்று சொல்லிவிட்டு மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் பக்கத்தில் நான் ஐம்பூதங்களையும் வரிசையாக நிற்க வைத்திருந்தேன். நீர் கண்ணீர் வடித்தது. காற்று பெருமூச்சு விட்டது. “கதிரவனின் கோபத்துக்கும் கையளவு குளிர்ச்சிக்கும் இடையே தவிக்கும் ஒரு சாமானியப் பெண்ணின் விண்ணப்பம் இது” என்று முடியும். மண்டபம் கைதட்டியது. நான் எழுந்து கும்பிட்டேன். இதை அடித்துவிடலாமா என்று நிறைய யோசித்தேன். இருக்கட்டும், கும்பிட்டது கும்பிட்டதுதான்.

“நேரம் கருதி மற்ற பக்கங்கள் பதிவில் சேர்த்துக்கொள்ளப்படும்” என்றார் அதிகாரி.

பாண்டுரங்கன் உடனே மைக்கை வாங்கி, “கேட்டீங்களா அந்தச் சகோதரியோட கண்ணீர” என்றார். அவரிடமிருந்து மைக் தென்னரசு கைக்குப் போனது. “கேட்டீங்களா அந்தச் சகோதரியோட தொலைநோக்க” என்றார். இருவரும் சொன்னது ஒரே பக்கத்தைத்தான்.

பிறகு அதிகாரி, நல்ல மனுஷர், செண்பகத்தின் பக்கம் திரும்பினார். “வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

மைக் அவர் வாய்க்கு நேரே வந்து நின்றது. செண்பகம் எழுந்தார். என்னைப் பார்த்தார்.

“அதுலயே எல்லாம் இருக்குதுங்க. சார் எழுதிருக்காரு.”

உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியது. செண்பகம் கேட்டார்.

“நடுவுல எத்தினி நாளுன்னு அவுங்க இன்னா சொன்னாங்க சார்? ஏசி சத்தத்துல எனக்குக் காதுல விழல.”

“அது மூணாம் பக்கத்துல இருந்துச்சும்மா.”

“மொத பக்கத்துல?”

“இயற்கை.”

“ஓ” என்றார். “ரெண்டாம் பக்கத்துல?”

“இயற்கைதான். கொஞ்சம் விரிவா.”

6

செண்பகம் என்ற பாத்திரத்தின் மேல் இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது. முக்கால் கிலோவைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு கிலோ என்பவர் அல்ல. கடன் கேட்டு வருகிறவரைச் சிரிக்கவைத்தே திருப்பி அனுப்பத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் மைக் கைக்கெட்டும்போது சும்மா உட்காருவாரா? வாசகர்கள் நம்பமாட்டார்கள். அவரைக் கர்ஜிக்கவிட்டுப் பார்த்தேன்.

“செண்பகம் மைக்கைப் பிடுங்கினார். ‘சட்டம் தீட்டும் கனவான்களே, உங்கள் ஏசி அறைகளிலிருந்து—’”

அவர் வாயில் ‘கனவான்கள்’ வராது. அந்த வாய் என்னுடையது.

நல்லவேளையாக, இன்று மாவு வாங்கும்போதே இதை அவரிடம் கேட்டிருந்தேன். “அன்னிக்கு ஏம்மா நீங்களே கேக்கல?”

கவரில் முடிச்சுப் போட்டபடியே சொன்னார்: “மனுவுல இருக்கறத மறுபடி வாயால கேட்டா, உங்கள நம்பாத மாதிரி ஆயிடாதா சார்?”

பாத்திரத்தின் மேலிருந்த சந்தேகம் தீர்ந்தது. அது இப்போது வேறொருவர் மேல் இருக்கிறது.

[சித்ரா: “நேரம் இன்னா ஆவுது தெரியுமா?” நான்: “முடிவு எழுதிக்கினு இருக்கேன்.”]

7

முடிவுகள். திங்கட்கிழமை வண்டி வருகிறது. செண்பகம் கொடுப்பதா, வேண்டாமா.

அ) கொடுக்கிறார். மறுநாளே புதிய ஃப்ரிட்ஜ் வந்து இறங்குகிறது. தென்னரசு ரிப்பன் வெட்டுகிறார். கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடிக்கொள்கிறது. கரண்டு பில் குறைகிறது. இதை எழுதும்போது அரைப் பத்திவரை நானே நம்பினேன்.

ஆ) கொடுக்கிறார். பத்தொன்பதாம் நாளும் புதியது வரவில்லை. முதல் இரண்டு நாள் ஆட்டியதில் பாதி புளித்தது. பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். தெருக்காரர்கள் கடையில் கம்பெனி மாவு வாங்கப் பழகிவிட்டார்கள். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் தரையில் நான்கு கால் தடம். அதற்குப் பக்கத்தில் செண்பகத்தை நிற்கவைத்து பாண்டுரங்கன் போட்டோ எடுத்துக்கொள்கிறார். “சகோதரி, கொஞ்சம் சோகமா நில்லுங்க.”

இ) கொடுக்கவில்லை. ஃப்ரிட்ஜின் மேல் போர்வையைப் போர்த்தி, அதன்மேல் துணி மூட்டையைப் போட்டு, “பீரோங்க” என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்புகிறார். கட்டணம் கூடிய பில் வருகிறது, கட்டுகிறார். ஜூன் மாதம் ஃப்ரிட்ஜ் தானாகவே நின்றுபோகிறது. இதில் எந்தக் கட்சிக்கும் சம்பந்தமில்லை. அதற்கு வயசாகிவிட்டது.

ஈ) அந்த அதிகாரிக்கு நான் ஒரு தபால் அட்டை போடுகிறேன். ‘பழையது போய்ப் புதியது வரும்வரை நடுவில் எத்தனை நாள்?’ ஐம்பூதங்கள் இல்லாமல், இவ்வளவு மட்டும். இது முடிவு அல்ல, வேலை. கதையின் கட்டுக்கோப்பு கெடும் என்று விட்டுவிட்டேன்.

8

இதில் எதை வைத்துக்கொள்வது என்பதை உங்களிடம் விடுகிறேன். உங்களிடம் விடுவதற்கு இலக்கியத்தில் உயர்ந்த பெயர்கள் எல்லாம் உண்டு. திறந்த முடிவு என்பார்கள், வாசகப் பங்கேற்பு என்பார்கள். செண்பகம் நாளைக் காலையில் “யோசிச்சீங்களா சார்?” என்று கேட்கும்போது அவற்றில் ஒன்றைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவர் “ஓ” என்பார்.

இந்தக் கதை, மேலே சொன்னபடி, பூமி சூடாவது குறித்து மனித குலம் எழுதியவற்றில்—

[சித்ரா: “மாவ ஃப்ரிட்ஜுல வெச்சீங்களா?”]

மணி எட்டரை. மாவு புளித்துவிட்டது.