முகப்பில் கட்டிய குருத்தோலை

“உன் பேரைச் சொல்றதுக்குக்கூட உனக்கு வாய் வராதா?”

ஒன்பதாம் வகுப்பில் ரேச்சலிடம் புதிதாக வந்த ஆசிரியை கேட்ட கேள்வி இது. வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்த வருஷம் முழுப்பரீட்சை எழுதாமலே அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏன் நின்றாய் என்று யார் கேட்டாலும் அந்தக் குரல்தான் அவள் காதில் முதலில் வந்து நிற்கும்.

தெலுங்கு பேசும் ஊரான குஷாய்குடாவில் வீடே கதி என்று கிடந்தவளை வெளியே இழுத்து வந்தது எதிர்வீட்டு லோயிஸ் அக்கா. சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அவர். “ஏட்டி, நீ பேச வேண்டாம். கை இருக்குல்லா? அது போதும், வா” என்று கூட்டிப்போய், குருத்தோலை ஞாயிறு ஊர்வலத்துக்கு டிராக்டரை ஜோடிக்கும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார். அவளை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது.

வருஷாவருஷம் ஊர்வலம் குஷாய்குடாவில் புறப்பட்டு சைனிக்புரிப் பக்கம் இருக்கும் சபைக் கோயிலில் போய் முடியும். நடக்க முடியாதவர்களுக்கு டிராக்டரின் பின்னால் ஒரு டிரெய்லர். டிராக்டர் சாய்குமாருடையது. மற்ற நாட்களில் அது தண்ணீர் டேங்கரை இழுத்துக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்கு ஓடும். கோடைதான் அவனுக்குச் சம்பாத்தியக் காலம். தமிழர் வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றியே தமிழைக் கற்றுக்கொண்டவன்.

விடியும்போதே ரேச்சல் வேலையை ஆரம்பித்திருந்தாள். ஓலையில் சிலுவை முடைந்தாள், புறா முடைந்தாள். டிராக்டரின் முகப்பில் இருந்த இரும்பு வலை அவள் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டது. அதன்மேல் ஓலையைப் பாய்போல நெருக்கமாகப் பின்னி, ஒரு விரல்கூட நுழையாதபடி இறுக்கிக் கட்டினாள். டீ குடித்துக்கொண்டே வந்த சாய்குமார் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“பாப்பா, சூப்பர்! பெண்டாட்டிக்கு அனுப்பணும் இது.” போனில் படம் எடுத்துக்கொண்டான்.

ஊர்வலம் கிளம்பியது. பாட்டுக்காரர்கள் முன்னால் நடக்க, அவர்கள் நடைக்கு ஏற்றபடி டிராக்டர் பின்னால் ஊர்ந்தது. பங்குனி வெயில் ஏறியது. சைனிக்புரிக்குத் திரும்பும் மேட்டில் இன்ஜினின் சத்தம் மாறியது. அடுத்த நிமிஷம் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி சீறிக் கிளம்பியது.

“ஆண்டவரே!” என்று டிரெய்லரிலிருந்து தாயம்மாள் அத்தை கத்தினாள். “முழங்கால் வலின்னு ஏறுனேன், இப்போ உசுருக்கே வந்துட்டே!”

சாய்குமார் டிராக்டரை ஓரங்கட்டினான். சபைச் செயலர் சாம்ராஜ் வேகமாக வந்தார். “ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணுப்பா!”

“நக்கோ சார், வேண்டாம். டக்குனு ஆஃப் பண்ணா சூடு உள்ளயே நிக்கும். கொஞ்சம் மெல்ல ஓடட்டும்.” சூட்டைக் காட்டும் முள் சிவப்பிலிருந்து நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகுதான் நிறுத்தினான். அவன் முகம் வெளுத்திருந்தது. “இன்ஜின் ஜாம் ஆகிடுச்சுன்னா கோடை பூரா நான் வீட்லதான் சார்.”

ரேச்சல் டிரெய்லரின் பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் இறங்கி முகப்பின் முன் குந்தி உட்கார்ந்ததைப் பார்த்தாள். வாடிக் கருகி, வலையோடு ஒட்டிக்கிடந்த ஓலையின்மேல் அவன் கை வைத்தான். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் காற்று போக வேண்டிய வழி அது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாய்குமார் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

“ரேடியேட்டருக்குத் தண்ணி பாத்தியாப்பா காலையில?” என்றார் சாம்ராஜ். “ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்துறே, உன் வண்டிக்கு ஊத்த மாட்டியா? இந்த லட்சணத்துல அடுத்த மாசம் கன்வென்ஷன் கூட்டத்துக்கு டேங்கர் ஆர்டரை உனக்குத் தர முடியுமா? வேற ஆளைத்தான் பாக்கணும்.”

“ஹவ் சார்” என்று தலைகுனிந்து ஆமோதித்தான் சாய்குமார். “பழைய வண்டி சார்.”

ரேச்சல் லோயிஸ் அக்காவின் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள். உதடு அசைந்தது. இரண்டாம் முறை சத்தமும் வந்தது. “நான் கட்டுன ஓலைக்கா. காத்தை அடைச்சிட்டு. அண்ணா மேல தப்பில்ல.”

“என்னட்டி, அவருகிட்டச் சொல்லு.”

அவள் சேலை நுனியை விட்டாள். சாம்ராஜின் முன்னால் போய் நின்றாள். “அங்கிள், ஓலையை நான்தான் கட்டுனேன்.”

சாம்ராஜ் ஓலையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அது கட்டுனா சூடாகுமா?”

“ஆகும் சார்” என்றான் சாய்குமார். “ஆனா பாப்பா கட்டறப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். வண்டி என்னுது, மூளையும் என்கிட்டதான் இருக்கணும். நானு என்ன பண்ணேன்? போட்டோ எடுத்தேன்.” போனை எடுத்துக் காட்டினான். முகப்பு முழுக்க ஓலையோடு டிராக்டர், அதன் முன்னால் பல்லெல்லாம் தெரிய அவன்.

முதலில் சிரித்தது தாயம்மாள் அத்தைதான். “மாப்பிள்ளைக்குத் தலைப்பாக் கட்டிவிட்டு மூக்கையும் சேத்துக் கட்டிட்டியேட்டி!” கூட்டம் முழுக்கச் சிரித்தது. வகுப்பில் கேட்ட சிரிப்பு மாதிரி இல்லை அது. நடுவில் நின்ற ரேச்சலையும் சேர்த்துக்கொண்டது. சாம்ராஜின் வாயோரமும் அசைந்தது. “சரிப்பா, முதல்ல வண்டியைப் பாரு” என்றார்.

சாலையோர வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரமா மாமி கேட்டை அகலத் திறந்தார். “பெரியவாளெல்லாம் நிழலுக்கு வாங்கோ. தண்ணி எத்தனை பக்கெட் வேணும்? ஃபிரிட்ஜ் தண்ணி கொண்டு வரட்டா?”

“அய்யோ நக்கோ மாமி! ஜில்லுனு ஊத்தினா இன்ஜின் விரிசல் விட்டுடும். குழாய்த் தண்ணி போதும்.”

சூடு தணியும்வரை யாரும் ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. பெரியவர்கள் மாமியின் வேப்பமர நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள், பாட்டையும் விடவில்லை. ரேச்சல் மட்டும் நிழலுக்குப் போகவில்லை. ஒரு ஈர்க்கை எடுத்து, வலையின் இடுக்கில் சிக்கியிருந்த ஓலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். சாய்குமார் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஈர்க்கோடு அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

பிறகு ஈரத்துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருப்பினான். மிச்சமிருந்த ஆவி முனகிக்கொண்டு வெளியேறியது. இன்ஜினைக் கிளப்பும் முன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தான். சாவியைத் திருப்பினான். ஒருமுறை இருமியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேச்சல் பக்கெட்டைச் சாய்த்துப் பிடிக்க, தண்ணீரைச் செம்பில் மொண்டு கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினான். அவள் தனக்குள் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கோயிலுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆராதனை முடிந்ததும் சாம்ராஜ் சாய்குமாரின் தோளைத் தட்டி, “கன்வென்ஷனுக்கு விடியக்காலையே டேங்கர் வந்துடணும், கேட்டியா?” என்றார். ரேச்சல் கோயில் கேட்டருகே போய் நின்றுகொண்டாள். அவனிடம் சொல்ல வேண்டிய நன்றியை ஆராதனை முழுக்க வரிவரியாக மனதில் அடுக்கி வைத்திருந்தாள். டிராக்டர் அவளருகே வந்து நின்றது. அடுக்கியதெல்லாம் கலைந்துபோயிற்று. அவள் கைகளைக் கூப்பினாள், அவ்வளவுதான்.

சாய்குமார் குனிந்து, முள் இருந்த கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினான். அவள் எட்டிப் பார்த்தாள். முள் பச்சையில் அமைதியாக நின்றது. அவன் கியரைப் போட்டு வெயிலுக்குள் போனான்.